அம்மன் ஏறிய வண்டி

வாருங்கள். பட்டப்பகலில், ஊரே கூடி நிற்க, கிழக்கு வீதியின் நடுவே ஓர் அநீதி நடக்கிறது. உங்கள் கண்ணாலேயே பாருங்கள்.

அன்னூருக்கு அப்பால் ஒரு சிற்றூர். மாரியம்மன் வீதி உலா. தேர் இல்லாத ஊர் என்பதால், ஒரு பிக்கப் வண்டியின் பின்தட்டில் அம்மன் எழுந்தருளியிருந்தாள்.

வாசலுக்கு வாசல் வண்டி நிற்கும். தீபாராதனை முடிந்ததும் அடுத்த வாசல். உலா முடியும்வரை இஞ்சின் அணையக் கூடாது. அணைந்தால் அந்த ஆண்டு ஊருக்கு ஆகாது என்பது வழக்கம்.

நான்காவது வாசலில் வண்டி உதறத் தொடங்கியது.

நகரும்போது குறையொன்றும் தெரியவில்லை. நின்றால் போதும், குளிர்காய்ச்சல் கண்டவன் போல நடுங்கியது. அம்மனின் கிரீடம் ஆடியது. "ஆத்தா கோவமா இருக்கறா" என்று ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ஓட்டுநர் இருக்கையில் இருந்தவர் தம்பிதுரை. வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியவரும் அவரே. இஞ்சின் நின்றால் பழி தம் தலையில்தான் விடியும் என்று அவருக்குத் தெரியும். மெக்கானிக் தனபாலுக்குப் போன் செய்தார்.

பத்தே நிமிடத்தில் தனபால் பைக்கில் வந்து, வீதிமுனையில் இறங்கி, வண்டியை நோக்கி விரைந்தார்.

"அங்கயே நில்லு தனபாலு!" விழாக் குழுத் தலைவர் வேங்கடசாமி கை நீட்டித் தடுத்தார். "ஆத்தா எறங்கற வரைக்கும் நீ கை வெக்கக் கூடாது. வாயில சொல்லு, தம்பிதுரை செய்வான்."

நேற்றுவரை அந்த இஞ்சினைத் தொட்ட கைதான். இன்று தொட்டால் தீட்டு. சாதி என்ற சொல்லை ஒருவரும் உச்சரிக்கவில்லை. உச்சரிக்கத் தேவையும் இருக்கவில்லை.

தனபால் இரண்டு எட்டு பின்வாங்கினார். மேளத்தை நிறுத்தச் சொன்னார். இருபதடித் தொலைவில் நின்று, கண்ணை மூடி, இஞ்சின் சத்தத்தைக் கேட்டார்.

"பானெட் லீவரை ரெண்டு தடவை இழுக்கோணுங்க. மொதத் தடவைக்கு வராதுங்க."

"வண்டிக்காரனுக்கே தெரியாததெல்லாம் இவனுக்குத் தெரியுது பாரு!" என்றது கூட்டத்தில் ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள்.

தம்பிதுரையின் காதுமடல்கள் சுட்டன.

"இஞ்செக்டருக்குப் போற ஒயரு மொனையில இருக்கற கப்ளரை ஒவ்வொண்ணாக் கழட்டி மாட்டுங்க. கழட்டுனா சத்தம் இன்னும் மோசமாகோணுங்க. எதுல மாறலையோ அந்தச் சிலிண்டர்தான் வேலை செய்யலை."

தம்பிதுரை முதலாவதைக் கழற்றினார், இஞ்சின் திணறியது. மாட்டினார். இரண்டாவதும் அவ்வாறே. மூன்றாவதைக் கழற்றியபோது சத்தத்தில் மாற்றமே இல்லை.

"அதுதானுங்க! ஒயரை ஏதாச்சும் இழுத்துப் புடிச்சிருக்குதா பாருங்க."

இழுத்துப் பிடித்திருந்தது. பூத்தோரணம் கட்டிய இளைஞர்கள் கயிற்றைப் பானெட்டுக்குள் விட்டு, அகப்பட்ட ஒயரோடு சேர்த்து முடிச்சிட்டிருந்தார்கள். வண்டி ஓட ஓட முடிச்சு இறுகி, கப்ளர் பாதி கழன்றுபோயிருந்தது.

முடிச்சை அவிழ்க்கப் போன தம்பிதுரையின் கை சூடான இரும்பில் பட்டது. அவர் அலறினார்.

தனபால் தம்மை மறந்து மூன்று எட்டு முன்னால் வந்துவிட்டார்.

வீதியின் தலைகள் அத்தனையும் அவர் பக்கம் திரும்பின. நான்காவது எட்டுக்குத் தூக்கிய காலை அவர் மெல்லப் பின்னால் எடுத்து வைத்தார்.

தம்பிதுரை அதைப் பார்த்தார். 'வா' என்ற ஒற்றைச் சொல் போதும். தொண்டைவரை வந்தது. அதை விழுங்கிவிட்டுக் குனிந்துகொண்டார்.

"கயித்தை அறுத்துப்போட்டு, கப்ளரை நல்லா அழுத்துங்க. டக்குன்னு கேக்கோணுங்க."

கேட்டது.

உதறல் அடங்கியது. கிரீடம் அசையாமல் நின்றது. குலவை எழுந்தது. வேங்கடசாமி ஒரு பட்டுத்துணியை எடுத்துத் தம்பிதுரையின் தலையில் பரிவட்டமாகக் கட்டினார்.

"வண்டி வாங்குன கையோட மொத ஓட்டத்த ஆத்தாளுக்குக் குடுத்த மவராசன்!"

தலை குனிந்து அந்த மரியாதையை ஏற்றுக்கொண்ட தம்பிதுரை, குனிந்த தலையை நிமிர்த்த முடியாமல் நின்றார். வீதிமுனைக்குத் திரும்பிவிட்ட தனபால், கறை ஒன்றுமே படாத தம் கைகளைப் பழக்கத்தால் ஒரு துணியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்த வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் இருப்பது தனபாலின் பெயர்.

ஓய்ந்துபோன வண்டியாக வாங்கி, பட்டறையில் தம் கையாலேயே இஞ்சினை இறக்கி ஏற்றி அவர் உயிர் கொடுத்த வண்டி. உலாவுக்கென்று வைத்திருந்த டிராக்டர் முந்தைய நாள் பழுதானபோது தம்பிதுரை அவரிடம்தான் போய் நின்றார். "என்னுதுன்னு சொல்லிக்கறேன் தனபாலு. இல்லாட்டி ஊரு ஒத்துக்காது."

தனபால் சிரித்துக்கொண்டே சாவியை நீட்டியிருந்தார். "ஆத்தாளுக்குத் தெரியாதுங்களா?"

பார்த்தீர்கள் அல்லவா? பார்த்ததோடு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். உங்கள் ஊரிலும் ஒரு வீதிமுனை இருக்கிறது. அங்கும் ஒருவர் நிறுத்தப்பட்டிருக்கிறார். போங்கள். ஊர் பார்க்க அவர் கையைப் பிடித்து அழைத்து வாருங்கள். அவர் பெயரை உரக்கச் சொல்லுங்கள். இன்றே சொல்லுங்கள்.