பைரவர் போன பாதயாத்திரை

போன தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போன கூட்டத்தோடு செவலை நாயும் போனது; திரும்பி வரவில்லை. "அவனை முருகனே வச்சுக்கிட்டான், கொடுத்து வச்ச பய" என்று தெரு நாய்கள் பேசிக்கொண்டன. அடுத்த பூசத்துக்குத் தானும் போவதென்று அவற்றில் ஒன்றான வெள்ளக்காலன் அன்றைக்கே முடிவு கட்டியது.

மார்கழியில் ஆட்கள் மாலை போட்டதும் அதுவும் விரதம் பிடித்தது. கறிக்கடைப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. நேற்றுவரை கல்லால் அடித்த கைகள், "வாங்க பைரவரே, சாப்பிடுங்க" என்று தயிர்சாதம் வைத்தன. ஆறு நாள் நடையில் பாதம் வெடித்தபோது யாரோ மஞ்சள் துணி கிழித்துக் கட்டிவிட்டார்கள். வெள்ளக்காலனுக்குக் கண் கலங்கிவிட்டது.

மலையேறிக் கும்பிட்டு இறங்கியவர்கள் மாலையைக் கழற்றினார்கள். ஊர் திரும்ப வேன் வந்து நின்றது. வெள்ளக்காலன் படியில் கால் வைத்தது.

"சீ, எறங்கு நாயே! சீட்டெல்லாம் அழுக்காவுது."

தயிர்சாதம் வைத்த அதே கைதான் தள்ளியது.

அடிவாரத்தில் எச்சில் இலைகளுக்கு நடுவே எலும்பும் தோலுமாக ஒரு நாய் நின்றது. செவலை!

"அண்ணே, நீ முருகன்கிட்ட போயிட்டதாத்தானே சொன்னாங்க?"

"என்னையும் இதே வேன்லேர்ந்துதான்டா தள்ளினாங்க."

வெள்ளக்காலன் வேன் போன திசையையே பார்த்தது. "அடுத்த பூசத்துக்கு வருவாங்கல்ல?"

"வராம என்ன?" செவலை ஓர் இலையை அதன் பக்கம் தள்ளியது. "வேன் ஊர் போய்ச் சேரட்டும். உன்னையும் முருகன் வச்சுக்கிட்டான்னு தெருவுல பேச்சு கிளம்பும். எவனாவது ஒருத்தன் எலும்பு திங்கிறதை விட்ருவான்."