அடுத்தவளின் எண்ணெய்

“என்ர மனிசன்ர முதுகில எண்ணெய் பூசினது நீதானே?”

மூலிகைக் கடைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகக் கேட்டாள் பூரணி. வெளியே துறைமுகத்துக்குப் போகும் இராணுவ லொறிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டிருந்தன. ஜப்பான்காரன் குண்டு போட்டதிலிருந்து அந்தத் தெருவில் பாதிக் கடைகள் பூட்டியே கிடந்தன. இந்தக் கடையும் பூட்டிக் கிடந்திருக்கலாம் என்று பூரணிக்குத் தோன்றியது.

வள்ளிநாயகி உலக்கையைக் கீழே வைத்தாள். வைத்தியரான தகப்பன் செத்தபின் தனியாகக் கடையை நடத்துபவள். கலியாணமாகாதவள். அழகி வேறு.

“கனகசுந்தரம் அண்ணைக்கோ? ஓம் அக்கா, நான்தான். அவருக்குக் கை எட்டேல்ல.”

“எட்டாட்டி வீட்டில நான் இல்லையோ?”

“அதை அவரிட்டையெல்லோ கேக்கவேணும்.”

பூரணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலையில் அவர் சட்டையைத் தோய்க்க எடுத்தபோதுதான் அந்த வெட்டிவேர் மணம் பிடிபட்டது. அவள் வீட்டில் இல்லாத எண்ணெய். தோண்டித் துருவிக் கேட்டபிறகே இவள் பெயரைச் சொன்னார்.

“கோவப்படாதேங்கோ அக்கா. முதுகெல்லாம் கண்டி நீலம்பாரிச்சுக் கிடந்தது. அது போதாதெண்டு ஆரோ கற்பூரமும் கராம்பெண்ணெயும் கலந்து தேய்ச்சுவிட்டிருக்கினம். நெருப்புச் சுட்டமாதிரிச் சிவந்துபோச்சு.”

“அது நான்தான்,” என்றாள் பூரணி, குரல் இறங்கி.

“அடிபட்ட இடத்தில உறைப்பான எண்ணெய் கூடாதக்கா. முதல் குளிர்தண்ணியில துணி நனைச்சு வையுங்கோ. அழுத்தித் தேய்க்காதேங்கோ. தோல் வெடிச்சிருந்தா ஒரு மருந்தும் பூசவேண்டாம், கழுவிச் சுத்தமான துணியால மூடினாப் போதும். வெடிக்காட்டி கத்தாளைச் சதை நல்லது. அதையும் முதல் கையின்ர உள்பக்கத்தில துளி பூசி, ஒரு நாள் பொறுத்துப் பாருங்கோ. கடிச்சுச் சிவந்துதெண்டா விட்டிடுங்கோ.”

பூரணி எல்லாவற்றையும் மனதில் வாங்கிக்கொண்டாள். ஆனால் கண் மட்டும் வள்ளிநாயகியின் மெல்லிய விரல்களை விட்டு நகரவில்லை.

“நீ பூசேக்க அவர் கண்ணை மூடினவரோ?”

“என்னக்கா கேள்வி இது?” வள்ளிநாயகி திகைத்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். “நான் ஒண்டு கேக்கிறன். வேலை செய்யிற இடத்தில துரைமார் ஆரும் அவருக்கு அடிக்கினமோ? பிரம்படி மாதிரிக் கிடக்கு. பாவம், அண்ணை வாயே திறக்கேல்ல. இப்பிடி அடிக்க ஆருக்குத்தான் மனம் வந்துதோ!”

அவள் கண்கள் கலங்கிவிட்டன. அந்தக் கலக்கந்தான் பூரணிக்கு எல்லாவற்றையும்விடச் சுட்டது. என்ர மனிசனுக்காக இவள் ஏன் கண்கலங்கவேணும்?

“அவர் இனி இஞ்சை வரமாட்டார்,” என்று சொல்லி, கற்றாழை மடல் ஒன்றை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தாள்.

பின்னேரம் வேலை முடிந்து வந்த கனகசுந்தரத்தைக் கதிரையில் இருத்தி, சட்டையைக் கழற்றி, முதுகில் ஈரத்துணியைப் போட்டாள். கற்றாழைச் சதையில் ஒரு துளியை அவர் முழங்கையின் உள்பக்கம் தடவினாள்.

“முதுகுக்கு நாளைக்குத்தான். எரியுதெண்டு என்னட்டச் சொன்னா என்ன? ஏன் அவளிட்டப் போனனீங்கள்?”

“சொன்னா, மனம் நொந்து ‘இனி மாட்டன்’ எண்டிடுவீரோ எண்டு பயந்தனான்.”

பூரணி அவர் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

“நீங்கள் ஆசைப்பட்டுக் கேட்டுத்தானே நான் பிரம்பு எடுக்கிறனான், போதுமெண்டா உடனே வைக்கிறனான். அடிக்கிறது என்ர கையெண்டா, ஆத்துறதும் என்ர கைதான்!”