இருட்டில் கேட்ட கேள்வி

ஜன்னல் திரை அசைய அசைய, பிற்பகல் வெயில் தரையில் அலையடிக்கிறது. பாகம் பாகமாக வாங்கி அவனே பொருத்திய கம்ப்யூட்டரில் காற்றாடிகள் முணுமுணுக்கின்றன. மானிட்டர் மட்டும் கறுத்துக் கிடக்கிறது. உள்ளே இருப்பது, கம்பெனியே கைகழுவிவிட்ட பழைய ஆபரேட்டிங் சிஸ்டம். மனைவியின் எம்ப்ராய்டரி மெஷின் அதன் பேச்சை மட்டும்தான் கேட்கும். பாதிப் பூ தைத்த துணி வளையத்தில் காத்திருக்கிறது. "செத்துப்போச்சும்மா," என்கிறான் அவளிடம். நூல் சுற்றிய விரலால் அவள் பெட்டியின் பின்புறத்தைத் தடவுகிறாள். "கிராபிக்ஸ் கார்டு போட்டுட்டு, மானிட்டர் வயர அதுல சொருகாம மதர்போர்டுலயே சொருகி வச்சிருக்கீங்க." வயரை கார்டுக்கு மாற்றிச் சொருகுகிறாள். மானிட்டரில் நீலம் மெல்லப் பரவுகிறது. 'உங்கள் பெயர்?' என்ற கேள்விக்கு அருகில் கர்சர் துடிக்கிறது. இவ்வளவு நேரமும் இருட்டில் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. செத்துப்போச்சு என்ற அதே வாயால், "இங்கதான் இருக்கோம்," என்று அதனிடம் மெதுவாகச் சொல்கிறான் அவன்.