பெருநாள் பீங்கான்

“பாதியையாவது வித்துப் போடுங்களேன்” என்றாள் றலியா, கணவன் முன்னால் தேநீரை வைத்தபடி.

அரூஸ் ஃபோனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கட்டுகஸ்தோட்டையில் அவனுக்குப் பெயின்ட் கடை. ஆனால் போன ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்ததிலிருந்து அவன் வாயில் பெயின்ட் பேச்சே இல்லை. சேமிப்பு ஆறு லட்சத்தையும் அமெரிக்க ஏஐ கம்பனிப் பங்கில் போட்ட கதைதான். அரை லீற்றர் வெள்ளை வாங்க வந்தவருக்கும் அதைச் சொல்லித்தான் அனுப்புவான்.

“மூணு மடங்காகிட்டு. இன்னும் ஏறும். பயந்தவங்களுக்கு இது சரிவராது.”

“கம்பனி ஒரு ரூபா லாபம் எடுத்தா, அந்தப் பங்கை ஆக்கள் எண்பது ரூபா குடுத்து வாங்குறாங்களாம். ஒரு நாளைக்கு இறங்காதா?”

“இதெல்லாம் உனக்கு யார் சொன்ன?”

“யூடியூப்தான். வெள்ளிக்கிழமைக்குள்ள பஸ்லினாட கெம்பஸுக்கு எட்டு லட்சம் கட்டணும். இல்லாட்டிப் பிள்ளைட இடம் போயிரும். இப்ப வித்தா வரும்தானே?”

அரூஸ் ஃபோனைக் கீழே வைத்தான். ஊரிடம் எவ்வளவும் அளக்கலாம், மகளின் படிப்பில் விளையாட முடியுமா?

“றலியா, நான் அந்தப் பங்கை வாங்கவே இல்ல. கடைசி நேரத்துல பயம் வந்திட்டு. எல்லாருக்கும் சொல்லிப் போட்டேன், மாத்திப் பேச வெக்கம். ஆறு லட்சமும் அப்படியே ஈக்கி.”

“எங்க?”

அலுமாரிக்கு மேலிருந்த பெட்டியை இறக்கினான். பெருநாளைக்கு மட்டும் வெளியே வரும் பீங்கான் செட் அது. அடுத்த பெருநாள் வரை யாரும் தொடமாட்டார்கள் என்று நம்பி, பெரிய கோப்பைக்குள் பணத்தை வைத்திருந்தான். எண்ணிப் பார்த்தான். மூன்று லட்சம்தான் இருந்தது.

“யா அல்லாஹ், பாதியக் காணல்லியே.”

“உங்கட தங்கச்சி மாப்பிள்ளையோட திடீரெண்டு வந்த அண்டைக்கி இந்தப் பீங்கானை எடுத்தேன். நீங்க வாங்கல்ல எண்டு அப்பவே விளங்கிட்டு. ஆனா நீங்க சொன்ன கதை சரியாத்தான் பட்டிச்சு. பாதிய எடுத்துக் கட்டார்ல ஈக்கிற என்ட கூடப்பொறந்த நானாக்கு அனுப்பி, அந்தப் பங்கையே வாங்கச் சொன்னேன். போன கிழமை வித்து, நேத்து கெம்பஸ் காசும் கட்டியாச்சு. உண்மை உங்கட வாயால வரட்டும் எண்டுதான் இப்ப கேட்டேன்.”

அரூஸ் கதிரையில் உட்கார்ந்துவிட்டான். போன உயிர் திரும்பி வந்தது.

“அப்ப மத்தப் பாதிய ஏன் விட்டு வெச்ச?”

றலியா சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்:

“முழுசையும் போட எனக்கு உங்கட தைரியம் வரல்லீங்க.”