கிடைத்த இடம்

நுண்ணோக்கியில் கண்ணை வைத்த மருமகள், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தாள்.

ஊசிகளைக் காணோம்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன், மூடிப்போன ஒரு சுரங்கத்துக்குள் அவளே தவழ்ந்துபோய் எடுத்துவந்த கல் அது. எலுமிச்சம்பழ அளவுதான் இருக்கும். அதன் குழிவுக்குள் மயிரிழை தடிமனில், ஊசி ஊசியாக, மஞ்சள் படிகங்கள் கொத்தாக நின்றன. வெறும் கண்ணுக்கு அது அழுக்கு. அவள் வேலை பார்க்கும் அருங்காட்சியகத்தில்கூட அந்த ரகம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும், அவளுக்கு அந்த வாரம் எப்படியோ ஓடிவிடும்.

போன ஞாயிறு மாமனாருக்கும் காட்டியிருந்தாள். "மஞ்சளா என்னமோ மினுங்குதும்மா" என்றார்.

அந்தப் படிகங்களுக்குத் தண்ணீர் ஆகாது, ஒரு சொட்டு பட்டாலே கரைந்துவிடும் என்பதைத்தான் சொல்ல மறந்துவிட்டாள்.

இப்போது அவர் கதவோரம் நின்றுகொண்டிருந்தார். கையில் அவளுக்குப் போட்ட டீ. கொடுக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

நாற்பது வருஷம் தையல்காரராக இருந்தவர். கை சும்மா இருக்காது. வந்த பத்து நாளில், கறுத்துக் கிடக்கிறதே என்று நான்ஸ்டிக் தவாவைக் கம்பி நாரால் தேய்த்து வெள்ளியாக்கிவிட்டார். முந்தாநாள் அவளுடைய கப்பின் கைப்பிடி போயிற்று. "என்னால உனக்குத் தொந்தரவு. வெள்ளிக்கிழமை பெரியவன் வீட்டுக்குக் கிளம்பிடறேம்மா" என்று அன்றைக்கே பையைக் கட்டிக் கட்டிலடியில் வைத்துவிட்டார். பெரியவன் வீட்டில் பகல் முழுக்க ஆளே கிடையாது. சுவரோடுதான் பேசவேண்டும்.

மருமகளுக்கு அவரை அனுப்ப மனசே இல்லை. வேலை விட்டு வரும்போது சாவியைத் தேடுவதற்குள் கதவு தானே திறப்பது எவ்வளவு பெரிய சுகம் என்று இந்தப் பத்து நாளில்தான் அவளுக்குத் தெரிந்தது.

உருப்பெருக்கத்தைக் கூட்டினாள்.

குழிவு காலியாக இல்லை. மூலை மழுங்கிய குட்டிக் குட்டிக் கட்டிகள். அடியில் கோந்து காய்ந்த தடம். மேலே லேசாக மஞ்சள்தூள். ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளி விட்டு, காலர் ஓரத்துத் தையல் மாதிரி நேர்வரிசையில் நின்றன. இயற்கைக்கு இவ்வளவு ஒழுங்கு ஏது.

சமையல் உப்பு.

பளிச்சென்று கழுவிவைத்தால் சந்தோஷப்படுவாள் என்று நினைத்திருப்பார். கழுவினதும் மஞ்சள் மாயமாகிவிட, அவள் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து ஒவ்வொரு பரலாக ஊசிமுனையில் எடுத்து வைத்திருக்கிறார், பாவி மனுஷன்.

அழுகை வந்தது. பன்னிரண்டு வருஷமும் குழாய்த் தண்ணீரோடு போய்விட்டது. அதை முந்திக்கொண்டு சிரிப்பும் வந்தது. இரண்டையும் விழுங்கிவிட்டுக் குனிந்தபடியே இருந்தாள். நிமிர்ந்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

"கல்லு நல்லா இருக்காம்மா?"

"ரொம்ப நல்லா இருக்கு மாமா. இந்த மாதிரி உலகத்துலயே வேற கிடையாது."

அதில் பொய் எதுவும் இல்லை.

மாமனார் பெருமூச்சு விட்டது அவளுக்குக் கேட்டது. ஆடை படிந்துபோன டீயை மேசையில் வைத்துவிட்டு, சமையலறைப் பக்கம் நழுவினார்.

அவர் தலை மறைந்ததும், கல்லை வைக்கும் பெட்டியில் அதன் விவரம் எழுதியிருந்த பழைய சீட்டை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று எழுதினாள்.

பெயர்: உப்பு. கிடைத்த இடம்: எங்கள் சமையலறை. கொண்டுவந்தவர்: மாமா.

கல்லின்மேல் சீட்டை வைத்துப் பெட்டியை மூடினாள்.

வெள்ளிக்கிழமை வந்தது, போயிற்று. கட்டிலடியில் பை காலியாகக் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெட்டியைத் திறந்தாள்.

சீட்டின் கீழ் ஓரத்தில், சட்டைக் காலருக்குள் தைப்பார்களே அந்த மாதிரி, விரல்நுனி அகலத்தில் ஒரு வெள்ளை நாடா தைத்திருந்தது. அதில் சாய்ந்த கையெழுத்தில் இரண்டே வார்த்தை.

"கழுவக் கூடாது."