நாலு விரல் நுனி

வளையல் அளவு பார்க்கச் சபீஹாவின் இடது கையைப் பிடித்த ஹமீதுன்னிசா, வளையலை ஏற்றாமல் விரல்களைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

திரைக்கு இந்தப் பக்கம் நின்ற அவள் தகப்பன் அப்துல் சலாம் அதைப் பார்த்துவிட்டார்.

ஓசூர் பஜாரில் முப்பது வருடமாக ஜவுளிக்கடை நடத்துகிறவர். பள்ளிவாசல் கமிட்டியில் அவர் வாயைத் திறந்தால் மற்றவர்கள் மூடிக்கொள்வார்கள். தாயில்லாத ஒரே மகளுக்குப் பாகலூரிலிருந்து நல்ல இடம் வந்திருக்கிறது. பட்டுக்கூட்டை வேகவைத்து நூலெடுக்கும் பட்டறை வைத்த குடும்பம். மாப்பிள்ளையின் தாய் ஹமீதுன்னிசா தூரத்து உறவில் அவருக்குத் தங்கை முறை. அவள் புருஷன் லால் பாஷா, கூடத்துத் தேக்கு பீரோவில் முதுகைச் சாய்த்துப் பாயசம் குடித்துக்கொண்டிருந்தார்.

அந்த பீரோவுக்குள்தான் அது இருந்தது, ரஜாய்ப் போர்வையில் சுற்றி.

நாலு கம்பி வைத்த அமெரிக்க பேஸ் கிடார். பெங்களூர் கண்டோன்மென்ட் ஹோட்டலில் வாசித்துக்கொண்டிருந்த ஆங்கிலோ இந்தியர் ஒருவர், ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறும் முன் விற்றுவிட்டுப் போனது. கை படும் இடத்தில் வார்னிஷ் தேய்ந்து மரம் வெளியே தெரியும்.

அதன் கம்பிகளை இருபத்திரண்டு வருடமாக யாரும் மாற்றவில்லை. மாற்றவும் கூடாது. புதுக் கம்பி தகரம் போலக் கத்தும். விரல் வேர்வை ஊறி ஊறி மழுங்கிப்போன கம்பிதான் வயிற்றுக்குள் இறங்கிப் பேசும். கம்பிகள் ஏறி நிற்கும் இரும்புக் கட்டைக்கு அடியில் ஒரு ஸ்பாஞ்சுத் துண்டு செருகியிருக்கிறது. அதனால் எந்தச் சுரமும் இழுபடாது. ஈர மண்ணில் கால் வைத்தது போல விழுந்து, அங்கேயே அடங்கிவிடும். அப்படி ஒரு நாதம் இப்போது வருகிற கிடார் எதிலும் கிடையாது.

வீட்டில் ஆம்ப்ளிஃபயர் இல்லை. வைத்தால் தெருவுக்குக் கேட்கும். மதிய லுஹர் தொழுகை முடிந்து, சிப்காட் லாரிகள் தெருவை உலுக்குகிற நேரமாகப் பார்த்து, கிடாரின் தலையை பீரோக் கதவில் அழுத்திக்கொண்டு வாசித்தால் போதும். பீரோவே பாடும்.

சபீஹா அப்படித்தான் வாசிப்பாள். சைக்கிள் பிரேக் கம்பியைவிடத் தடித்த கம்பிகள். அழுத்தி அழுத்தி இடது கை விரல் நுனிகள் நாலும் கல்லாகிவிட்டன.

சலாம் பாய் வீட்டில் கிடார் இருக்கிறது, அதையும் வயசுப்பெண் வாசிக்கிறாள் என்று தெரிந்தால், பாகலூர்க்காரர்கள் பாயசத்தை வைத்துவிட்டு எழுந்துவிடுவார்கள். அதோடு நிற்காது. ஜும்மாவுக்கு ஜும்மா ஊர் பேசும்.

"என்னாண்ணா, பொண்ணுக்கு நாலு விரலும் இப்பிடிக் காச்சிக் கெடக்குது?" என்றாள் ஹமீதுன்னிசா.

ரீலிங் வேலை செய்த கை என்று சொல்லிவிட்டார். சாமல்பட்டியில் அத்தை வீட்டில் இருந்தபோது பட்டு நூல் எடுத்தாளாம். மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டுப் பெண்கள் கூலிக்குக் கை நனைத்ததில்லை என்று ஐந்து நிமிடத்துக்கு முன் அதே கூடத்தில் சொன்னவர் அவர்தான். பட்டறைக்காரர்களுக்கு அந்தப் பதில் இனிக்கும் என்று நினைத்தார்.

யாரிடம் சொல்கிறோம் என்பதை நினைக்கவில்லை.

ஹமீதுன்னிசா தன் கையை விரித்துக் காட்டினாள். முப்பது வருடம் கொதிநீரில் கிடந்த விரல்கள், ஊறிய அவலைப் போல வெளுத்துச் சுருங்கியிருந்தன.

"சுடுதண்ணியில வெந்த வெரலு வெளுத்துப் பொத்துப் போவும்ண்ணா. காய்க்காது."

அந்த இடத்தில் பின்வாங்கியிருக்கலாம். அவர் பின்வாங்கிப் பழகியவர் அல்ல. அது ஆறு வருடத்துக்கு முந்திய கதை, பொத்தது ஆறி இப்படிக் காய்த்துவிட்டது என்று அதே மிடுக்கோடு சொன்னார்.

அவள் நம்பினாளோ, நம்புவது தனக்குச் சௌகரியம் என்று நினைத்தாளோ, சிரித்தாள். வளையலை ஏற்றினாள்.

"அப்ப நல்லதாப் போச்சு. எங்கூட்ல ரெண்டு தொட்டி ஆளில்லாம சும்மா கெடக்குது. வந்த மறுவாரமே ஒக்காந்துக்கட்டும்."

முக்காட்டுக்குள் குனிந்திருந்த சபீஹா அப்போதுதான் நிமிர்ந்தாள். தகப்பனைப் பார்த்தாள்.

ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் கொதிக்கிற தொட்டி. முதல் மாதத்திலேயே காய்ப்பு ஊறிக் கழன்றுவிடும். இரண்டாம் மாதம் தோல் உரியும். அதற்குப் பிறகு அந்த விரலால் கம்பியைத் தொட்டால் கண்ணில் தண்ணீர் வரும். இதெல்லாம் அவருக்குத் தெரியும். ரீலிங் கை இல்லை என்று ஒரே வார்த்தை சொன்னால் மகளை மீட்டுவிடலாம். சொன்னால் அடுத்த கேள்வி, வேறென்ன கை என்பது.

கூடத்தில் எல்லோரும் அவர் வாயைப் பார்த்தார்கள்.

"ஒக்காருவா," என்றார்.

சபீஹா மறுபடி குனிந்துகொண்டாள்.

பேச்சு முடிந்த சந்தோஷத்தில் லால் பாஷா எழுந்து வந்து, முஸாபஹா செய்ய, முறைப்படி இரண்டு கைகளையும் நீட்டினார்.

அப்துல் சலாம் வலது கையை மட்டும் கொடுத்தார். ஹமீதுன்னிசா திரையை ஒதுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவருடைய இடது கை ஜிப்பாப் பைக்குள் மடங்கிக் கிடந்தது. இருபத்திரண்டு வருடக் காய்ப்பு, மகளுடையதைவிடக் கெட்டி.