பந்துக்குக் குனிகிறவர்

அவர் குனிந்தார்.

வேலிக்கு இப்பால் நின்றபடி அவள் பார்த்தாள். இடது காலை முன்னே வைத்து, வலது முழங்கால் புல்லில் முட்டுமளவுக்கு இறங்கி, கையைத் தரையோடு தரையாகக் கொண்டுபோய்ப் பந்தை விட்டார். பிறகு ஒன்றையும் பிடிக்காமல் எழுந்தார்.

அவள் கையிலிருந்த தொப்பி கசங்கியது.

தொப்பியை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். மெல்பேர்ண் வெயில் பொல்லாதது. மனுஷன் வாடிப்போவார் என்று பத்து நிமிடம் நடந்து கொண்டுவந்தாள். புல்தரையில் பந்து உருட்டி விளையாடும் இந்த லோன் பௌல்ஸ் கிளப்புக்கு அவள் வந்தது இதுதான் முதல் தடவை.

பந்து நேராகப் போகவில்லை. அந்தப் பந்தே அப்படித்தான், ஒரு பக்கம் கனம் கூட. எங்கேயோ போவதுபோலப் போய், வேகம் குறையக் குறைய வளைந்து, தூரத்தில் கிடந்த சின்ன வெள்ளைப் பந்தில் மெல்ல இடித்து நின்றது.

கைதட்டினார்கள்.

"குட் வன், நவ்!"

நவ்.

நவரட்ணராஜா. நாற்பத்தொரு வருடமாக அவள் வாயால் சொல்லாத பெயர். டொக்டரிடம்கூட 'இவர்' என்றுதான் சொல்வாள். அதை இந்த மொறீன் கால்வாசியாக நறுக்கி, ஊருக்கே கேட்கக் கூப்பிடுகிறாள்.

மொறீன் அவருடைய ஜோடி. விளையாட்டில் மட்டும் என்று அவரே வீட்டில் விளக்கியிருந்தார். எழுபது வயது, வெள்ளைக் கால்சட்டை, வெயிலில் சிவந்த மூக்கு. மொறீன் நடந்துபோய், பையிலிருந்து சோக்கட்டியை எடுத்து, அவருடைய பந்தில் ஒரு கோடு போட்டாள். சின்னப் பந்தைத் தொட்ட பந்துக்கு அப்படி அடையாளம் வைப்பது சட்டமாம்.

சட்டமோ என்னவோ. இவளுக்கு வயிறு எரிந்தது.

ஆனால் அது சின்ன எரிச்சல். பெரியது அவர் குனிந்ததில் இருந்தது.

நெஞ்சைத் திறந்து ஒப்பரேஷன் செய்து இரண்டு வருடம். அன்றிலிருந்து அவரால் குனிய முடியாது. குனிந்தால் மூச்சு முட்டும். காலையில் கட்டிலில் உட்கார்ந்து காலை நீட்டுவார். அவள் நிலத்தில் உட்கார்ந்து சொக்ஸ் போட்டு, சப்பாத்து மாட்டி, நாடா கட்டிவிடுவாள். அவளுக்கும் முழங்கால் வருத்தம் இருந்தது. ஒருநாளும் சொன்னதில்லை. அந்த ஐந்து நிமிடத்தை யாருக்கும் கொடுக்க அவளுக்கு மனமில்லை.

இன்றைக்கும் கட்டிவிட்டாள். இதே வெள்ளைச் சப்பாத்தைத்தான்.

அவர் மறுபடி குனிந்தார்.

அவள் எண்ணத் தொடங்கினாள்.

கிளப்பில் சேர்த்துவிட்டது மகள். படிவத்தை நிரப்பியதும் மகள்தான். அவர் வேண்டா வெறுப்பாகக் கையெழுத்து வைத்தார். "கிழடுகள் பந்து உருட்டுற இடத்திலை உங்களுக்கென்ன வேலை?" என்று சிரித்தவள் இவள்.

எட்டு மாதம் ஆகிறது. நித்திரைக் குளிசை நின்றுவிட்டது. படியேறினால் இளைப்பதில்லை. ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்த மனுஷன் ஃபோனில் யாருடனோ விழுந்து விழுந்து சிரிக்கிறார். போன மாதம் டொக்டர் பிரஷரைப் பார்த்துவிட்டு, புதிதாக என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். பௌல்ஸ் என்றார் இவர். டொக்டர் எழுந்து கைகொடுத்தார்.

பக்கத்துக் கதிரையில், இரண்டு வருடம் உப்பில்லாமல் சமைத்தவள் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஒருவரும் கைகொடுக்கவில்லை.

சந்தோஷப்படத்தான் வேண்டும். பட்டாள். கோயிலில் அர்ச்சனைகூடச் செய்தாள். ஆனாலும் அந்தப் பந்தின்மேல் அவளுக்குப் பொறாமை. ஒன்றரைக் கிலோப் பந்து, பேரைத் தட்டிக்கொண்டு போய்விட்டது.

பன்னிரண்டு.

பதின்மூன்று.

பதினாலாவது தடவை குனிந்தவர் எழும்பவில்லை. அவள் வேலியைப் பிடித்தாள்.

அவருக்கு ஒன்றுமில்லை. நாடா அவிழ்ந்திருந்தது. தானே கட்டினார். அவசரமில்லாமல், இரண்டு முடிச்சு. மொறீன் ஏதோ சொன்னாள். கீழிருந்தபடியே அண்ணாந்து சிரித்தார்.

அவள் திரும்பி நடந்தாள். தொப்பியைக் கொடுக்கவில்லை.

பின்னேரம் அவர் வந்தபோது தொப்பி கொளுக்கியில் தொங்கியது.

"இஞ்சாரப்பா, தொப்பியை விட்டிட்டுப் போட்டன். மண்டை கொதிக்குது."

அவள் தேநீர் வைத்தாள். எத்தனை மாதமாகக் குனிய முடிகிறது என்று கேட்டுவிடலாம். வாய் வரைக்கும் வந்தது.

கேட்டால், நாளையிலிருந்து அவர் சப்பாத்தைத் தானே போட்டுக்கொள்வார்.

தேநீரை அவர் பக்கம் நகர்த்தினாள்.

மறுநாள் காலை அவள் அறைக்குள் வந்தபோது, அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கால் நீட்டியிருக்கவில்லை. சொக்ஸ் அவர் கையில் இருந்தது. எதையோ சொல்லிவிடத் தீர்மானித்த முகம்.

மெல்லக் குனியத் தொடங்கினார்.

"குனியாதேங்கோ" என்றாள். குரல் கொஞ்சம் பலமாகவே வந்துவிட்டது. "மூச்சு முட்டும்."

அவர் பாதியில் நின்றார். அவளை நிமிர்ந்து பார்த்தார். கனநேரம் பார்த்தார்.

அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் உட்கார்ந்தாள்.

அவர் சொக்ஸை அவளிடம் கொடுத்துவிட்டுக் காலை நீட்டினார்.

கொஞ்சம் மூச்சும் வாங்கினார்.